பலெர்மோவில் குடியேறிய பின் அன்றாட வாழ்க்கையைச் சீர்ப்படுத்திக்கொள்வது எப்படி?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் பிறந்து வளர்ந்த நான், பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பணி கிடைத்த கணவரோடும் ஐந்து வயது மகளோடும் சென்ற செப்டம்பரில் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகருக்குக் குடிவந்தேன். வருவதற்கு முன் நாங்கள் விசாரித்ததெல்லாம் விசா, வாடகை, சம்பளம் ஆகியவற்றைப் பற்றித்தான். அவை ஒருவாறு முடிந்துவிட்டன. வரி அடையாள எண்ணான கோதிச்சே ஃபிஸ்காலே கிடைத்துவிட்டது. தபால் நிலையத்தின் வழியாக வதிவிட அனுமதிக்கு விண்ணப்பித்த ரசீதும் கையில் இருக்கிறது. இப்போது என்னைத் திணறடிப்பது அன்றாடப் பாடுதான்.

தென் ஐரோப்பா என்றால் வெயில் நாடு என்று நம்பி வந்தோம். டிசம்பர் பிறந்ததிலிருந்து வெளியே நடக்க இதமாக இருக்கிறது, வீட்டுக்குள் நுழைந்தால் குளிர் எலும்பைத் துளைக்கிறது. படுக்கையறைச் சுவரின் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை படர்கிறது. சலவை இயந்திரம் ஓடும்போது மின் அடுப்பைப் போட்டால் வீடே இருண்டுவிடுகிறது. மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்து, சாப்பாடு கொடுத்துவிட்டு, கடைக்குக் கிளம்பினால் மதியம் ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை தெருவே கதவடைத்துக் கிடக்கிறது. போன வாரம் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோது எந்த மருத்துவரிடம் போவது என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. கணவர் வேலைக்குப் போன பிறகு மாலை வரை எனக்குப் பேச ஆளில்லை.

இந்தப் பக்கத்தில் நெடுநாள் வாழ்கிறவர்கள் தங்கள் வீட்டையும் நாளையும் எப்படி அமைத்துக்கொண்டீர்கள் என்று சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

தாமிரபரணி எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் தென் இத்தாலியின் பாரி நகரில் வேலை பார்க்கிறேன். வீட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றவற்றைக் குடும்பமாக வாழ்கிறவர்கள் சொல்வார்கள்.

மின்சாரம் போவது இணைப்புக் கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. இத்தாலியில் பெரும்பாலான வீடுகளுக்கு 3 கிலோவாட் அளவுக்குத்தான் ஒப்பந்தம் இருக்கும். அதற்கு மேல் பத்து சதவீதம் வரை மீட்டர் பொறுத்துக்கொள்ளும், அதையும் தாண்டினால் சற்று நேரத்தில் தானே துண்டித்துவிடும். நீரைச் சூடாக்கும்போது சலவை இயந்திரம் ஒன்றே ஏறத்தாழ 2 கிலோவாட் இழுக்கும். குளியலறையில் மின் கொதிகலன் இருந்தால் அது ஒரு கிலோவாட்டுக்கு மேல். இவற்றோடு மின் அடுப்பும் சேர்ந்தால் தாங்காது. ஆகவே துணி துவைப்பதை இரவு ஏழு மணிக்குப் பின்னோ சனி, ஞாயிறுகளிலோ வைத்துக்கொள்ளுங்கள். நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் மாறும் ஒப்பந்தமாக இருந்தால் அந்த நேரங்களில் யூனிட் விலை பெரும்பாலும் குறைவாகவும் இருக்கும். போதவில்லை என்றால் மின் விநியோக நிறுவனத்திடம் சொல்லி 4.5 கிலோவாட்டாக உயர்த்திக்கொள்ளலாம். மீட்டர் எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடங்களில் அது தரைத்தளத்தில், பூட்டிய அறைக்குள் இருப்பதுண்டு. அந்தச் சாவி உங்களிடமும் ஒன்று இருக்க வேண்டும்.

குளிருக்கு வருவோம். தெற்கிலுள்ள பழைய வீடுகள் கோடையைத் தாங்குவதற்கென்றே கட்டப்பட்டவை: உயர்ந்த கூரை, ஓடு பதித்த தரை, தடித்த சுவர். ஜனவரியில் வெளியே 14, 15 பாகை இருக்கும்போது உள்ளே அதைவிடக் குறைவாக உணர்வது இதனால்தான். 1993ஆம் ஆண்டின் விதிகளின்படி இத்தாலி தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதில் பலெர்மோ ‘பி’ மண்டலம். அங்கே வெப்பமூட்டும் அமைப்பை டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, நாளுக்கு 8 மணி நேரம் இயக்கலாம். ஆனால் பல வீடுகளில் அப்படி ஓர் அமைப்பே இருக்காது. சுவரில் ஏசி இருந்தால் அதை வெப்பமூட்டும் முறையில் ஓட்டுவதே மலிவான வழி. குளிர்காய சிலிண்டர் வைத்து எரிக்கும் வாயு அடுப்புகளை மூடிய அறையில், அதுவும் குழந்தை தூங்கும் அறையில், தயவுசெய்து வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு மணமின்றிக் கொல்லும்.

நம் சமையலில் சோறு வடிப்பதும் குழம்பு கொதிப்பதும் எவ்வளவு ஈரத்தை வீட்டுக்குள் விடுகின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சமைக்கும்போதும் குளித்த பிறகும் சிறிது நேரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள், பீரோவை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், துணியைப் படுக்கையறையில் உலர்த்தாதீர்கள். ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்று வாங்கினால் அந்தப் பணம் வீண் போகாது.

வடமராட்சி எழுதியது:

தங்கச்சி, நான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து பலெர்மோவுக்கு வந்தவன். எண்பதுகளிலேயே எங்கள் சனம் இங்கே வரத் தொடங்கிவிட்டது; வந்தவர்களில் பெரும்பாலானோர் இத்தாலியர்களின் வீடுகளில் வீட்டு வேலையும் முதியவர்களைப் பராமரிக்கும் வேலையும் செய்தார்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு வீட்டில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தபோதுதான் இந்த ஊரின் நேர ஒழுங்கு எனக்கு விளங்கியது. மதியம் கதவைச் சாத்துவது குடும்பத்தோடு இருந்து சாப்பிடுவதற்காக. ஐந்து மணிக்குப் பிறகு தெரு மீண்டும் உயிர் பெறும், அப்போது குழந்தைகளும் கிழவர்களும் எல்லோரும் வெளியே வருவார்கள், பேச ஆள் வேண்டுமென்றால் அந்த நேரத்தில்தான் கிடைக்கும். எனவே கடை வேலைகளைக் காலையில் முடித்துக்கொண்டு, மதியம் நீங்களும் ஓய்வெடுத்துவிட்டு, மாலையில் மகளோடு வெளியே இறங்குங்கள். அவசர மருந்துக்குப் பயப்பட வேண்டாம். எந்த நேரமும் ஏதாவது ஒரு மருந்துக்கடை முறைவைத்துத் திறந்திருக்கும், எது என்பதை மூடிய கடையின் கதவிலேயே ஒட்டியிருப்பார்கள். ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய நாள்களில் மட்டும் நகரமே கடற்கரைக்குப் போய்விடும். அதற்கு முன்பே அலுவலக வேலைகளையெல்லாம் முடித்துவிட வேண்டும்.

காய்கறிக்குப் பல்லரோ சந்தைக்குப் போங்கள். விலை மலிவு என்பதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. ஒரே காய்கறிக்காரரிடம், ஒரே மீன்காரரிடம், ஏறத்தாழ ஒரே நேரத்தில் தொடர்ந்து போய்வந்தால், சில வாரங்களில் அவர் உங்கள் முகத்தை அறிந்துவிடுவார், குழந்தையின் பெயரைக் கேட்பார், நல்ல காயை எடுத்து வைத்திருப்பார். இந்த ஊரில் முகம் தெரிந்தவருக்குத்தான் வேலை நடக்கும். வீடு தேடுவதும், குழாய் திருத்துபவரைப் பிடிப்பதும், நல்ல மருத்துவர் யார் என்று அறிவதும் இப்படியான பழக்கத்தில்தான். கடையிலோ மின்தூக்கியிலோ நுழைந்ததும் “போன்ஜோர்னோ” என்று சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். வணக்கம் சொல்லாமல் பொருள் கேட்பதை இங்கே மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள்.

சாப்பாட்டுக்கு இங்கே குறை இல்லை. மத்தியும் நெத்திலியும் இவர்களுக்கும் அன்றாட மீன். கடலை மாவைக் காய்ச்சி, மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பொரித்த பனெல்லேயை வீதியிலேயே விற்பார்கள், பிள்ளை விரும்பிச் சாப்பிடும். கோடை வந்ததும் சந்தையில் கை நீளத்துக்கும் அதிகமான வெளிர்பச்சைச் சுரைக்காய் தொங்கும். அதன் இளந்தளிரையும் கொடி நுனியையும் கட்டுக்கட்டாகத் தெனெருமி என்று விற்பார்கள். இங்குள்ளவர்கள் தக்காளியும் உடைத்த பாஸ்தாவும் சேர்த்துச் சூப்பாகக் காய்ச்சுகிறார்கள். என் மனைவி பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கறியாக்குவார், முளைக்கீரையையே மறக்கச் செய்யும் சுவை அது. கறிவேப்பிலை, அரிசி மா, மிளகாய்த் தூள் எல்லாம் பல்லரோவைச் சுற்றியும் மக்வேதா வீதியிலும் உள்ள இலங்கை, வங்காளக் கடைகளில் கிடைக்கும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024ஆம் ஆண்டு வறட்சியில் பலெர்மோவிலும் முறைவைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். மொட்டை மாடியில் உங்கள் வீட்டுக்கென்று தொட்டி உண்டா, அதை எப்போது கழுவினார்கள், மோட்டார் யார் பொறுப்பு என்று வீட்டுக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திருச்சிக்காரருக்கு இதைப் பழக்க வேண்டியதில்லை.

தனிமைக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு ஞாயிறு காலை மொந்தே பெல்லெக்ரினோ மலைக்குப் போய்ப் பாருங்கள். 1624இல் கொள்ளைநோய் பரவியபோது நகரைக் காத்தவராகப் பலெர்மோ மக்கள் போற்றும் புனித ரொசாலியாவின் குகைக்கோவில் அங்கே இருக்கிறது. எங்கள் தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே வரும். கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவர்களும் நேர்த்திக்கடன் வைத்து நடந்தே ஏறுவார்கள். அங்கே சேலை கட்டிய யாராவது ஒருவரிடம் தமிழில் கதைத்துப் பாருங்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரச் சொல்லித்தான் அனுப்புவார்.

காவிரிக்கரை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணா, தமிழ்க் குடும்பங்கள் இவ்வளவு அருகில் இருப்பதை நான் அறிந்திருக்கவே இல்லை. இந்த ஞாயிறே போகிறோம். இன்னும் ஒரு கவலை இருக்கிறது. மகள் பள்ளியில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்று ஆசிரியை சொல்கிறார். வீட்டிலும் இத்தாலிய மொழியில் பேசிப் பழக்க வேண்டுமா? மருத்துவர் விஷயத்தையும் யாராவது விளக்கினால் நல்லது.

நொய்யல் எழுதியது:

அன்புள்ள தோழிக்கு, நான் சிசிலியின் இன்னொரு நகரான கத்தானியாவில் வசிக்கிறேன்; என் இரு பிள்ளைகளும் இங்கேதான் பள்ளிக்குப் போகிறார்கள்.

வீட்டில் தமிழை விட்டுவிடாதீர்கள். புதிய மொழிக்குள் விழுந்த குழந்தை சில வாரங்களோ சில மாதங்களோ கேட்டுக்கொண்டே மட்டும் இருப்பது இயல்பு. என் மூத்தவன் வாய் திறக்காமலே இருந்து, ஒரு நாள் விளையாட்டு இடத்தில் முழு வாக்கியமாகச் சண்டை போட்டான். பெற்றோர் தடுமாறிப் பேசும் இத்தாலியத்தை விட, தாய்மொழியில் நிறையக் கதை கேட்ட குழந்தைக்கே அடுத்த மொழி உறுதியாக வரும். அவளுக்குத் தேவை பள்ளிக்கு வெளியே ஓரிரு தோழிகள். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் சற்று நின்று மற்ற அம்மாக்களோடு பழகுங்கள், வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கச் சொல்லுங்கள். பிறந்தநாள் அழைப்புகள் அதில்தான் வரும். தொடக்கப் பள்ளிச் சேர்க்கை குளிர்காலத்திலேயே, வழக்கமாக ஜனவரியில், நடக்கும். டிசம்பர் 31க்குள் ஆறு வயது நிறையும் குழந்தை அந்த ஆண்டு சேர்ந்தாக வேண்டும். அடுத்த ஏப்ரல் 30க்குள் நிறைவதானால் முன்கூட்டியே சேர்க்கவும் அனுமதி உண்டு. மொழி இன்னும் ஊன்றாத நிலையில் முன்கூட்டிச் சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து.

மருத்துவத்துக்கு, அனுமதி அட்டை வரும்வரை காத்திருக்காமல் அந்த ரசீதோடும் கோதிச்சே ஃபிஸ்காலேயோடும் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதார அலுவலகத்துக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள். உங்களுக்கும் கணவருக்கும் ஒரு குடும்ப மருத்துவர், மகளுக்கு ஒரு குழந்தை மருத்துவர் என்று அங்கேயுள்ள பட்டியலிலிருந்து நீங்களே தேர்ந்தெடுக்கலாம். வீட்டுக்கு அருகில், நடந்து போகக்கூடியவராகப் பாருங்கள். இவர்களைப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. சிறப்பு மருத்துவரைப் பார்க்க இவர் எழுதித்தரும் சீட்டு வேண்டும். அதில் அவசரத்தைக் குறிக்கும் எழுத்து ஒன்று இருக்கும். ‘யு’ (U) என்றால் 72 மணி நேரத்துக்குள், ‘பி’ (B) என்றால் 10 நாளுக்குள் பார்க்க வேண்டும். முன்பதிவு செய்யும்போது அந்த எழுத்தை வலியுறுத்திச் சொல்லுங்கள். இரவிலும் விடுமுறை நாளிலும் குவார்தியா மேதிக்கா என்ற சேவை உண்டு. உயிருக்கு ஆபத்தென்றால் 112. பல மருத்துவர்களின் காத்திருப்பு அறையில் டோக்கன் இருக்காது. உள்ளே போனதும் கடைசியாக வந்தவர் யார் என்று எல்லோரையும் பார்த்துக் கேட்க வேண்டும். கை தூக்கியவருக்கு அடுத்து உங்கள் முறை.

வடமராட்சி அண்ணன் சொன்னவற்றில் ஒன்றோடு மட்டும் சற்று மாறுபடுகிறேன். தமிழ் வட்டம் ஆறுதல் தரும், ஆனால் அதற்குள்ளேயே இருந்துவிட்டால் மொழி வராது. பத்து ஆண்டு கழிந்தும் ஆசிரியையைச் சந்திக்க மகளையே மொழிபெயர்க்க அழைத்துச் செல்லும் தாய்மார்களை நான் பார்த்து வருந்தியிருக்கிறேன். அந்தச் சுமையைக் குழந்தையின் தலையில் வைக்கக் கூடாது. பெரியவர்களுக்கென்று அரசு நடத்தும் சிபியா என்ற கல்வி மையங்களில் இத்தாலிய மொழியை இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ கற்றுத்தருகிறார்கள், பகல் வகுப்பும் உண்டு. ஐந்து ஆண்டுக்குப் பின் நீண்டகால வதிவிட அனுமதிக்கு இத்தாலிய மொழியில் ஏ2 (A2) என்ற அடிப்படை நிலையும், குடியுரிமைக்கு அதற்கு மேலான பி1 (B1) நிலையும் கேட்பார்கள், ஆகவே எப்படியும் படித்தே ஆக வேண்டும். மகள் பள்ளியில் இருக்கும் நேரத்துக்கு ஒத்துவரும் வகுப்பைக் கேளுங்கள். ஜனவரி 6 விடுமுறை முடிந்து மையம் திறந்ததும் ரசீதையும் கடவுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். மின்னஞ்சலுக்குப் பதில் வரும் என்று காத்திருக்க வேண்டாம்.