ஆர்பிஎன் முடித்த கையோடு ஆர்என் பிரிட்ஜிங்கா, வேலை பார்த்த பிறகா?

புதுமொட்டு:
கனடாவின் ஒன்ராறியோவில் ப்ராக்டிக்கல் நேர்சிங் டிப்ளோமா முடித்து, ஆர்பிஎன் (பதிவுபெற்ற ப்ராக்டிக்கல் நேர்ஸ்) ஆவதற்கான ரெக்ஸ்-பிஎன் சோதனையும் பாஸ். டிப்ளோமா ஜிபிஏ 3.2. முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் முழுநேர வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆர்என் (பதிவுபெற்ற நேர்ஸ், ஆர்பிஎன்னுக்கு அடுத்த படி) ஆவதென்று முடிவெடுத்துவிட்டேன். வரும் செப்டெம்பருக்கே பிரிட்ஜிங்குக்கு (ஆர்பிஎன் ஒருவரை ஆர்என் பட்டத்துக்குக் கொண்டுபோகும் படிப்பு) விண்ணப்பிப்பதா, இரண்டு வருடம் வேலை செய்துவிட்டா? ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்து போய்வர வேண்டும். இரண்டு பக்கக் காரணங்களும் தெரிய வேண்டும்.

கல்மடு:
தங்கச்சி, இந்தமுறையே போடுங்கோ. உடற்கூற்றியல், நோய்க்கூற்றியல், நுண்ணுயிரியல் எல்லாம் இப்போது கையில் இருக்கிறது. சில இடங்களில் இந்தப் பாடங்களுக்குக் காலாவதி உண்டு. கனகாலம் விட்டுப் போனால் திரும்பப் படிக்கச் சொல்லுவினம், காசும் ஒரு செமஸ்டரும் போகும்.

அதைவிடப் பெரிய காரணம், பாதைகள் நிலையாக இல்லை. 2005 இலிருந்து புதிதாக ஆர்என் ஆக நாலு வருடப் பட்டம் கட்டாயம். அப்போது கொலிஜ் தனியாகப் பட்டம் கொடுக்க முடியாது, யூனிவசிற்றியோடு கூட்டுச் சேர வேண்டும். 2020 இல் கொலிஜுகளே தனியாக நேர்சிங் பட்டம் கொடுக்கலாம் என்று மாகாண அரசு அனுமதித்த பிறகு பழைய கூட்டுகள் பல பிரிந்துவிட்டன, அவற்றோடு இருந்த பிரிட்ஜிங் வழிகளும் மாறிவிட்டன. வலையில் கிடைக்கும் பட்டியலில் 'ரையர்சன்' என்று இருந்தால் அது 2022 க்கு முந்தியது, அந்த யூனிவசிற்றிக்கு இப்போது பெயரே வேறு. எந்த இடத்தைத் தெரிவு செய்தாலும், நேர்ஸ்களைப் பதிவு செய்யும் மாகாண அமைப்பான சிஎன்ஓ தன் தளத்தில் போடும் அங்கீகரித்த ஆர்என் படிப்புகளின் பட்டியலில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கோ.

வடலி:
பட்டியலைப் பற்றி கல்மடு சொன்னது சரி. 'உடனே போ' என்பதுதான் சரியில்லை.

பிரிட்ஜிங் என்றால் நாலு வருடத்தில் இரண்டு வருடம் மிச்சமாகும் என்று நினைத்துத்தான் பலர் போகிறார்கள். முதலில் இணைப்புப் பாடங்கள், அதன்பிறகுதான் பட்டப்படிப்பு மாணவர்களோடு மேல்வகுப்பு. முழுநேரமாகச் செய்தாலும் கிட்டத்தட்ட மூன்று வருடம் வந்துவிடும். பகுதிநேரம் என்றால் இன்னும் நீளும். அந்தக் காலத்துக்கு வாடகையும் சாப்பாடும் எங்கிருந்து வரும் என்று எழுதிப் பார்க்காமல் போனவர்கள்தான் நடுவில் நிற்பாட்டுகிறார்கள்.

இரண்டு வருடம் முழுநேரமாக வேலை செய்தால் ஆர்ஆர்எஸ்பியில் (ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கு) போட்ட காசை வாழ்நாள் கல்வித் திட்டத்தின் கீழ் வரி கட்டாமல் எடுக்கலாம். வருடத்துக்கு 10,000 டொலர், மொத்தம் 20,000 வரை. திருப்பிக் கட்ட 10 வருடம். போட்ட காசு 90 நாளாவது அங்கே இருந்திருக்க வேண்டும், படிப்பு முழுநேரமாக இருக்க வேண்டும். இப்போதுதான் டிப்ளோமா முடித்தவரிடம் ஆர்ஆர்எஸ்பியில் என்ன இருக்கும்?

இன்னொன்று பிகின் உதவித்தொகை. ஆர்பிஎன்களின் 'வீ ஆர்பிஎன்' சங்கம் நடத்துவது. 2021 இல் அறிவித்தபோது ஆர்என் படிக்கப் போகும் நேர்ஸுக்கு வருடத்துக்கு 10,000 டொலர் வரை என்றார்கள். இந்த வருடம் விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்று அவர்களுடைய தளத்தில் பாருங்கள். முதியோர் இல்ல வேலை கையில் இருப்பவருக்கு இது நல்ல பொருத்தம்.

கல்மடு:
பிகின் சும்மா தாற காசில்லை. வாங்கினால் பிறகு முதியோர் பராமரிப்பிலோ வீட்டுப் பராமரிப்பிலோ வேலை செய்து கழிக்க வேண்டும். ஆர்என் எடுத்து முதல் வருடங்களில் ஆஸ்பத்திரி மெடிக்கல்-சேர்ஜிக்கல் வார்டில் அடித்தளம் போட நினைப்பவருக்கு அந்த ஒப்பந்தம் கையைக் கட்டும். வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கோ.

மாகாண அரசின் கற்று-தங்கு மானியத்தையும் யாராவது சொல்ல வருவினம். அது வடக்கு, கிழக்கு, தென்மேற்கு ஒன்ராறியோவில் உள்ள நேர்சிங் படிப்புகளுக்கு. ஒரு வருடப் படிப்புக்கு ஆறு மாதம் அந்தப் பகுதியிலேயே வேலை செய்ய வேண்டும். ரொறன்ரோவில் இருந்து படிப்பவருக்கு இல்லை.

வடலி கணக்கில் விட்டது ஒன்று: ஆர்பிஎன்னாக வேலை செய்த வருடங்கள் ஆர்என் சம்பளப் படியில் தானாக ஏறாது. பல ஆஸ்பத்திரிகளில் ஆர்என்களுக்கு ஓஎன்ஏ என்ற தொழிற்சங்கம், ஆர்பிஎன்களுக்கு வேறு சங்கம். ஒரே கட்டிடத்தில் இருந்தாலும் சீனியோரிட்டி கூடவே வராது. மூப்பு தொடங்குவது ஆர்என் ஆன நாளிலிருந்து என்றால், அந்த நாளை ஏன் பிந்தப் போட வேண்டும்?

வடலி:
மூப்பு விஷயம் உண்மை. மாறப்போகும் இடத்தின் மனிதவளப் பிரிவிடம் 'ஆர்பிஎன் அனுபவம் படியில் சேருமா' என்று கேட்டு எழுத்தில் வாங்கலாம், வாய்ப்பேச்சில் விடக்கூடாது. ஒன்ராறியோ ஆஸ்பத்திரி ஊழியர்களின் ஹூப் ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கும் வேலைத்தலத்திலிருந்து இன்னொரு ஹூப் வேலைத்தலத்துக்குப் போனால் அது தொடரும்.

ஆனால் மேல்வகுப்பு கிளினிக்கலில் (நோயாளிகளோடு செய்யும் நேரடிப் பயிற்சியில்) நாலைந்து நோயாளிகளை ஒரே ஷிஃப்டில் ஒழுங்குபடுத்தத் தெரியாதவர் திணறுவார். வேலை செய்தவருக்கு அது பழக்கம்.

கல்மடு:
பிரிட்ஜிங்கில் ஆட்கள் விழுவது கட்டிலருகே இல்லை, மேசையில். ஆராய்ச்சிக் கட்டுரையை விமர்சித்து எழுதுவது, ஏபிஏ முறையில் மேற்கோள், புள்ளியியல். முதியோர் இல்லத்தில் பத்து வருடம் மருந்து கொடுத்தாலும் இந்த மூன்றும் வராது. படிப்புப் பழக்கம் விட்டுப்போகவிடாமல் இருப்பதே இதற்கு மருந்து. வேலைக்குத்தான் போகப் போகிறீர்கள் என்றால் புள்ளியியலையும் கல்விசார் எழுத்தையும் மாலை வகுப்பில் ஒவ்வொன்றாக எடுத்து வையுங்கோ. எந்தப் பாடக்குறியீட்டை ஏற்பினம் என்று சேரப்போகும் இடத்தில் மின்னஞ்சலில் கேட்டுவிட்டுக் காசு கட்டுங்கோ.

வடலி:
அதை ஏற்கிறேன். அந்த இரண்டு பாடத்தோடு வேலைக்குப் போவதைத்தான் நானும் சொல்கிறேன்.

திருச்சிக்காரன்:
இதைப் படிக்கிற இந்திய நர்ஸ்களுக்கு ஒரு விஷயம். ஊர்ல ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) இல்லன்னா பிஎஸ்சி நர்சிங் முடிச்சுட்டு, இங்க ஆர்பிஎன்னா பதிவு பண்ணி வேலை பாக்குறவங்க நிறைய பேர். பிரிட்ஜிங்குக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி சிஎன்ஓ-கிட்ட நேரடி ஆர்என் பதிவு பத்திக் கேட்டுடுங்க. வெளிநாட்டுக் கல்விக்கான விதி ஏப்ரல் 2025-ல மாறிடுச்சு. முன்னாடி 'கல்வி போதாது'ன்னு கடிதம் வந்தவங்களும் மறுபடி கேக்கலாம். என்கிளெக்ஸ்-ஆர்என் (ஆர்என் பதிவுக்கான தேர்வு) எப்படியும் எழுதணும். ஆனா மூணு வருஷப் படிப்பு மிச்சமாகலாம்.

அதே மாதிரி ஊர்ல வேற பட்டம், உதாரணமா பிஎஸ்சி விலங்கியல், முடிச்சவங்க ரொறன்ரோ யூனிவர்சிட்டியோட இரண்டு வருஷ நர்சிங் பட்டத்தைப் பாருங்க. மனித உடலியங்கியலும் புள்ளியியலும் முன்கூட்டியே முடிச்சிருக்கணும். ஆர்பிஎன் பாதையே வேண்டியதில்லை.

புதுமொட்டு:
ஒன்லைனில் படித்தால் வேலையை விடாமலே முடிக்கலாமா? அல்பேர்ட்டாவின் அத்தபாஸ்கா யூனிவசிற்றி பற்றிச் சிலர் சொல்கிறார்கள்.

வடலி:
ஒன்லைன் என்பது தியரிக்கு மட்டும். கிளினிக்கலுக்கு ஆளாகப் போய் நிற்க வேண்டும். அத்தபாஸ்காவில் சேர ஆர்பிஎன்னாக 1,700 மணி நேர வேலை அனுபவம் கேட்பார்கள், ஆகவே புதிதாக முடித்தவருக்குக் கதவு திறக்காது. கிளினிக்கலுக்கு அல்பேர்ட்டா போய்த் தங்க வேண்டும். பறப்புக்கும் அறைக்கும் ஆகும் செலவைக் கட்டணத்தோடு சேர்த்துக் கூட்டினால்தான் உண்மையான விலை தெரியும். நிப்பிசிங் யூனிவசிற்றியிலும் வேலை செய்துகொண்டு படிக்கும் தொலைவழிப் படிப்பு உண்டு. ஸ்காபரோவில் இருந்து வகுப்புக்குப் போய்வருவதென்றால் ஒஷாவாவில் ஒன்ராறியோ ரெக் யூனிவசிற்றி, டர்ஹம் கொலிஜோடு சேர்ந்து நடத்துவதைப் பாருங்கள்.

கடைசிச் செமஸ்டரில் உங்களை ஒரு ஆர்என்னோடு சேர்த்துவிடுவார்கள், அவருடைய ரோஸ்டர்தான் உங்களுடையதும். இரண்டு பகல், இரண்டு இரவு, ஒவ்வொன்றும் 12 மணி நேரம் என்று வந்தால் முழுநேர வேலையை எங்கே வைப்பது? முதல் இரண்டு வருடத்தைச் சமாளித்துவிட்டு இங்கே வந்துதான் பலர் வேலையையோ படிப்பையோ விடுகிறார்கள். அந்த நாலு மாதத்துக்குப் பகுதிநேரத்துக்கு மாறவோ சம்பளமில்லா லீவு எடுக்கவோ வேலைத்தலம் இடம் தருமா என்று சேருமுன்னரே கேளுங்கள்.

வேலை செய்யும் அதே வார்டில் மாணவராக இருக்கப் பல இடங்களில் விடமாட்டார்கள். கிளினிக்கலில் ஆர்என் வேலையைச் செய்து பழகினாலும், ஆர்பிஎன் ஷிஃப்டில் நிற்கும்போது உங்கள் அதிகார எல்லை ஆர்பிஎன்னுடையதுதான்.

கல்மடு:
நான் இன்னும் இந்த வருடமே என்றுதான் சொல்லுவேன். 3.2 உள்ளவருக்கு, 3.0 கேட்கும் இடங்களில் வாசல் திறந்திருக்கிறது. முழுநேரமாகச் சேர்ந்தால் ஒசாப் (மாகாண மாணவர் கடனுதவி) கிடைக்கும், வார இறுதி ஷிஃப்ட் மட்டும் வைத்திருக்கலாம். ஆனால் போனால் முழுமனதோடு போங்கோ. பல பிரிட்ஜிங் படிப்புகளில் கிடைத்த இடத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போட விடமாட்டினம்.

கொலிஜ் வழி என்றால் ஒன்ராறியோ கொலிஜஸ் தளத்தில் பெப்ரவரி 1 க்கு முன் போட்டால்தான் எல்லாரோடும் சமமாகப் பார்ப்பினம். ரான்ஸ்கிரிப்டை அந்தத் தளம் வழியாகவே கேளுங்கோ. சிஎன்ஓ பதிவு நிபந்தனை எதுவும் இல்லாமல் நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

இடம் கிடைத்தபின் கிளினிக்கல் பத்திரங்களில் ஒழுங்கு மாறினால் மாதம் போய்விடும். காசநோய் தோல் சோதனை இரண்டு கட்டம்: ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் வாசிக்க வேண்டும், இரண்டாவது ஒன்று முதல் மூன்று கிழமை கழித்து. எம்எம்ஆர் தடுப்பூசி தேவைப்பட்டால் இரண்டாவது தோல் சோதனை ஊசி போடும் அன்றோ, இரண்டு கட்டமும் முடிந்த பிறகோ போடுங்கோ. எம்எம்ஆரை முதலில் போட்டுவிட்டால் சோதனைக்குக் குறைந்தது நாலு கிழமை பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் முடிவு பொய்யாக நெகட்டிவ் வரலாம். ஊரில் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்ட எங்கட ஆட்களில் சிலருக்கு பொசிட்டிவ் வரும். முன்பு பொசிட்டிவ் வந்த பதிவு இருந்தால் திரும்பக் குத்தவேண்டாம், நெஞ்சு எக்ஸ்ரேயும் டொக்ரரின் கடிதமும் கொடுங்கோ. என்95 முகக்கவசப் பொருத்தச் சோதனை இரண்டு வருடத்துக்குச் செல்லும். பொலிஸ் சான்றிதழை மட்டும் முந்தி எடுக்காதேங்கோ, ஆறு மாதத்துக்கு மேல் பழையதென்று பல இடங்களில் திருப்பி அனுப்புவினம்.

புதுமொட்டு:
நன்றி. நாளைக்கு அந்த இல்லத்தில் வார இறுதி ஷிஃப்ட் மட்டும் தருவார்களா என்று கேட்கிறேன். ஓம் என்றால் இந்த வருடமே போடுகிறேன். இல்லையென்றால் முழுநேர வேலையை எடுத்துக்கொண்டு புள்ளியியலை மாலை வகுப்பில் தொடங்குகிறேன்.