கதைகளில் வரும் சர்வ வல்லமை படைத்த பள்ளி மன்றங்கள்: உங்கள் மனதை விட்டுப் போகாத காட்சி எது?

மூதூர்ப் பிள்ளை

கில் லா கில் என்ற ஜப்பானிய அனிமே (கார்ட்டூன் தொடர்) பார்த்தவர்களுக்கு முன்கதை வேண்டாம். மாணவர் பேரவைத் தலைவிதான் ஊருக்கே ராணி. சீருடையில் எத்தனை நட்சத்திரமோ, அதைப் பொறுத்துத்தான் குடும்பத்துக்கு வீடு. எனக்கு 7ஆவது எபிசோடைத் தாண்டிப் போகவே மனம் வரவில்லை. கதாநாயகியின் தோழி மாக்கோ ஒரு சண்டை மன்றம் தொடங்குகிறாள். வெல்ல வெல்ல, சேரி வீட்டிலிருந்து குடும்பம் மேலே மேலே ஏறுகிறது. கடைசியில் மாளிகை. குரோக்கெட்டுக்கு (நம்ம கட்லட் மாதிரி) அடிபட்டு ஒன்றாகச் சாப்பிட்ட குடும்பம், அங்கே போனபிறகு ஆளுக்கொரு திசை.

தம்பியின் படிப்புக்காகத் திருகோணமலை ரவுனில் வாடகைக்கு வந்தவர்கள் நாங்கள். அப்பா மூதூரில் வயலோடு நின்றுவிட்டார். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு வந்துபோவது லேசுதான். என்றாலும் அப்பாவோடு சாப்பாடு ஞாயிறில் மட்டும். அந்தக் காட்சி ஓடும்போது தம்பி படத்தை நிறுத்திவிட்டு அப்பாவுக்குக் கோல் எடுத்தான். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான், வேறொன்றும் பேசவில்லை. இதை மிகைப்படுத்தின கதை என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உப்புவெளியான்

தங்கச்சி, கதை நல்லதுதான். ஆனால் அது மன்றத்தைப் பற்றின கதையே இல்லை, ஏழை பணக்காரர் கதை. மன்றம் என்றால் கே-ஓன் அனிமேதான். நாலு பேர் சேராவிட்டால் இசை மன்றத்தை மூடிவிடுவார்கள். கிட்டார் பிடிக்கவே தெரியாத யுய் நாலாவது ஆளாகச் சேர, மன்றம் தப்புகிறது.

நம் பக்கத்தில் ஆள் குறைந்து மன்றம் சாவதில்லை, பொறுப்பாசிரியருக்கு இடமாற்றம் வந்தால் சாகும். எங்கள் வானியல் மன்றத்தில் ஆட்களுக்குக் குறைவே இல்லை. சேர் மாற்றலாகிப் போனார். தொலைகாட்டி இருந்த அலுமாரியின் திறப்பு யாரிடம் என்று கேட்டால், எல்லோரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். கண்ணாடிக் கதவுக்குள்ளால் அதன் ஒரு கால் மட்டும் தெரியும். டச் பே கடற்கரைப் பக்கம் வானம் துப்புரவாக இருக்கிற இரவுகளில் எனக்கு வயிறு எரியும். இப்போதும் எரிகிறது.

நாடகக்காரன்

உப்புவெளியார் சொல்வதில் பாதிதான் சரி. காசையும் தகுதியையும் எடுத்துவிட்டால் எந்த மன்றக் கதை மிஞ்சும்? சூதாட்டப் பள்ளி அனிமே ககெகுருய் எடுங்கள். பேரவைக்குக் கட்டும் காணிக்கையில் கடைசி 100 பேர் மற்றவர்களுக்கு வீட்டு மிருகம், கழுத்தில் தகடு வேறு.

என் அனுபவம் சின்னது. தமிழ்மொழித் தினப் போட்டிக்கு ஒரு நாடகம் எழுதிக் கொடுத்தேன். அதில் மன்றச் செயலாளர் அதிபரையே வெளியே அனுப்புவான். வலய மட்டத்தில் நடுவர் ஒருவர் பிரதியை மூடி வைத்துவிட்டு, "இவனுக்கு இந்தப் பலம் எங்கிருந்து வந்தது தம்பி?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

ஆகவே எழுத நினைக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். உங்கள் மன்றத்தின் கையில் வாளைக் கொடுக்க வேண்டாம். மைக்கைக் கொடுங்கள், மண்டபத் திறப்பைக் கொடுங்கள், போட்டிக்குப் போகிறவர்களின் பெயர்ப் பட்டியலைக் கொடுங்கள், இல்ல விளையாட்டுப் போட்டிக்குச் சேர்த்த காசைக் கொடுங்கள். ஜப்பானில் பல உயர்நிலைப் பள்ளிகளில் மன்றங்களுக்கான பணத்தைப் பங்கிடுவதில் மாணவர் பேரவைக்கும் பங்கு உண்டு. அங்கத்தைய கதாசிரியர்கள் அந்த ஒரு நூலைப் பிடித்துத்தான் வானம்வரை இழுக்கிறார்கள். அப்புறம், பெரியவர்களை வில்லனாக்கித் துரத்தத் தேவையில்லை. அதிபரை வலயக் கூட்டத்துக்கு அனுப்புங்கள், சேரை விடைத்தாள் திருத்தப் போகவிடுங்கள். அந்த இடைவெளி போதும், பிள்ளைகள் ஒரு ராச்சியமே நடத்துவார்கள். ஏ.எல் (உயர்தர) பரீட்சையையும் மறக்க வேண்டாம். எவ்வளவு பெரிய தலைவனுக்கும் அந்த மண்டபத்துக்குள் ஒரு சுட்டெண்தான்.

ஓய்வுபெற்ற டீச்சர்

தம்பி, ஒன்றை மட்டும் நான் ஏற்க மாட்டேன். கையில் பொருள் இருந்தால்தான் பலம் என்று இல்லை. நான் படிப்பித்த பள்ளியில் மாணவர் பாராளுமன்றம் நடக்கும். சபாநாயகர், அமைச்சர்கள் எல்லாம் உண்டு. பெரும்பாலும் எழுதிக் கொடுத்ததைத்தான் வாசிப்பார்கள். ஒரு நாள் 8ஆம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி, கொடுத்த தாளை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, "கௌரவ சபாநாயகர் அவர்களே, எங்கள் கழிப்பறைக் கதவுக்குக் கொண்டி இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடிக்க வேண்டும்" என்றாள். குரல் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை. அதிபர் முன்வரிசையில் இருந்தார். பின்னேரமே தச்சர் வந்துவிட்டார்.

ஹருஹி என்ற அனிமேப் பிள்ளைக்குச் சலித்துப்போனால் உலகமே அழிந்துவிடும் என்று மகள் கதை சொல்லுவாள். நான் கேட்டுக்கொண்டு எங்கள் 8ஆம் ஆண்டுப் பிள்ளையைத்தான் நினைப்பேன்.

கோட்டையடி

எல்லோரும் அனிமேயிலேயே நிற்கிறீர்கள். ஹரி பொட்டர் 5ஆம் புத்தகம், 2003. பள்ளியைக் கைப்பற்றிய ஆசிரியை அம்பிரிட்ஜ், மாணவர்களைக் கொண்ட தன் விசாரணைப் படைக்கு இல்லங்களின் புள்ளியை வெட்டுகிற அதிகாரத்தைக் கொடுக்கிறாள். அந்தப் படையில் இருந்த மல்ஃபோய் நின்ற நிலையிலேயே வெட்ட, புள்ளிகளைக் காட்டும் மணற்கடிகாரக் கண்ணாடிக்குள் இருந்த கற்கள் மேல்நோக்கிப் பறக்கும்.

அதை வாசித்த கிழமைதான் நான் பள்ளிக்குப் பிந்திப்போய்க் கேற்றடியில் நின்றேன். பெயர் எழுதிய மாணவத் தலைவர், எனக்கு முன்னால் நின்ற தன் சொந்தத் தம்பியின் பெயரையும் எழுதினார். "அண்ணா..." என்றான் அவன். "வகுப்பு என்ன?" என்று கேட்டார், முன்பின் தெரியாதவர் மாதிரி. அது நேர்மையா, பட்ஜ் ஏற்றின தலைக்கனமா? எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன், ஆளுக்கொரு பதில். அந்தத் தம்பி இங்கே இருந்தால், அன்று வீட்டுக்குப் போன பிறகு என்ன நடந்தது என்று தயவுசெய்து எழுதுங்கள்.