புக்கிட் சண்டு: அரசாங்கமே அபின் விற்றதா? அப்புறம் எதற்குக் கட்டுப்பாட்டுச் சட்டம்?

குமிழ்பேனா கேட்டது:

வணக்கம். சிங்கப்பூருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன ஞாயிறு மகளோடு பாசிர் பாஞ்சாங் எம்ஆர்டியில் இறங்கி, பெப்பிஸ் சாலை ஏற்றத்தில் மூச்சு வாங்க நடந்து புக்கிட் சண்டு காட்சியகத்துக்குப் போனோம். 1942-ல் மலாய்ப் படைப்பிரிவு ஜப்பானியரை எதிர்த்து நின்ற இடம். மகளுக்கு அதெல்லாம் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் இறங்கும்போது, "சண்டுன்னா என்னப்பா?" என்று கேட்டுவிட்டாள். புகைப்பதற்காகக் காய்ச்சிய அபினுக்கு மலாயில் அந்தப் பெயராம். மலையடியில் அரசாங்கத்தின் சண்டு ஆலை இருந்ததாம். அபின் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டதும் அதே அரசாங்கம்தானே? ஒரு கையால் காய்ச்சி இன்னொரு கையால் எதைக் கட்டுப்படுத்தினார்கள்? பிள்ளைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தேக்கா தாத்தா:

விற்றது தம்பி. ஒளிவுமறைவாக இல்லை, வரவுக் கணக்கில் எழுதியே விற்றது. நீங்கள் சட்டம் என்றதும் தடை என்று நினைத்துக்கொள்கிறீர்கள், அங்கேதான் குழப்பம்.

ஆரம்பம் குத்தகை. 1820-லேயே இங்கே ஆங்கிலேய நிர்வாகியாக இருந்த ஃபார்குவார் அபின், சாராயம், சூதாட்டம் மூன்றின் உரிமையையும் ஏலத்துக்கு விட்டார். குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் துறைமுகத்தில் சுங்கவரி கிடையாது; வேறு எதை வைத்துப் போலீசுக்குச் சம்பளம் கொடுப்பது? ஏலம் எடுத்தவருக்கு மட்டும்தான் சண்டு காய்ச்சவும் விற்கவும் உரிமை. அவர் அரசுக்கு மாதாமாதம் குத்தகைப் பணம் கட்டுவார். கள்ளச் சரக்கைப் பிடிக்க அவரே ஆள் வைத்துக்கொள்வார், சிந்தெங் என்று பெயர். ஆக, உங்கள் மடியில் அபின் இருந்தது குற்றமில்லை. அது குத்தகைக்காரர் காய்ச்சாத அபினாக இருந்தால்தான் குற்றம். என்னைக் கேட்டால் அந்தக் காலத்துச் சட்டம் முழுவதும் இந்த ஒரு வரிதான்.

ஹாங் லிம் பூங்கா தெரியுமில்லையா, ஸ்பீக்கர்ஸ் கார்னர் இருக்கிற இடம்? அந்த சியாங் ஹாங் லிம் அபின் குத்தகைக்காரர்தான். 1876-ல் ஊருக்குத் திடல் கொடுத்த கொடையாளியும் அவர்தான்.

எங்கள் அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1930-களில் வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போனால் பகோடா தெரு வழியாகத்தான் போவாராம். தெருவுக்கு அந்தப் பெயர் வந்ததே நம் கோபுரத்தால்தான். தெரு நிறையச் சீனக் கூலிகள் தங்கும் வீடுகள், அபின் புகைக்கும் இடங்கள். அப்பா சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: பலகைக் கட்டில், தலைக்குக் கட்டை, பக்கத்தில் சின்ன எண்ணெய் விளக்கு. ஊசி முனையில் கரும்பாகு மாதிரி ஒரு துளியைச் சுற்றி விளக்கில் காட்டுவார்கள். அது பொரிந்து உப்பியதும் குழாய்த் துளையில் வைத்து ஒரே இழுப்பு. வெல்லம் கருகுகிற வாடை தெருமுனை வரை வரும் என்பார். கடைசியில் குழாயைச் சுரண்டி அந்தக் கசட்டை ஒரு டப்பியில் சேர்ப்பார்களாம். முழுச் சரக்கு வாங்கக் காசில்லாதவன் அந்தக் கசட்டை வாங்குவான். வயிற்றைக் கெடுப்பது அதுதான் என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார். அதில் மார்பின் (morphine) என்ற போதைப்பொருள் மிச்சமிருக்கும்.

ரிக்‌ஷா இழுத்த, நிலக்கரி சுமந்த அந்த ஆட்களின் காசுதான் 1900-களின் தொடக்கத்தில் இந்த அரசாங்க வருமானத்தில் ஏறக்குறைய பாதி. பாதி! இதைக் கேட்டுவிட்டுத்தான் மேலே படிக்க வேண்டும்.

1906-ல் டாக்டர் லிம் பூன் கெங்கும் டாக்டர் இன் சுவாட் சுவானும் அபின் எதிர்ப்புச் சங்கம் தொடங்கினார்கள். விசாரணைக் குழு உட்கார்ந்தது. தடை வருமென்று பார்த்தால், 1910 ஜனவரி 1 முதல் குத்தகையை ஒழித்துவிட்டு அரசே காய்ச்சி விற்க ஆரம்பித்தது. குத்தகைக்காரர் எழுந்த நாற்காலியில் அரசாங்கம் உட்கார்ந்தது, அவ்வளவுதான். அந்த வழியில் வந்ததுதான் உங்கள் மலையடி ஆலை.

வைகைக்கரை வக்கீல்:

ஐயா சொன்னதற்குப் பக்கத்தில் இந்தியப் பக்கத்தையும் வைக்கிறேன், சரக்கு இங்கிருந்துதானே போனது. 1857-ன் 13-ஆம் சட்டப்படி வங்காள ஏஜென்சி என்ற அரசு அபின் நிர்வாகத்தின் பகுதியில் உரிமமில்லாமல் கசகசாச் செடி போட முடியாது. போட்டவர் எடுத்த பால் முழுவதையும் அரசு சொன்ன விலைக்கு அரசுக்கே கொடுக்க வேண்டும். பாட்னாவிலும் காஜிப்பூரிலும் உருண்டை பிடித்து, பெட்டிக்கு 40 உருண்டை அடுக்கி, கல்கத்தாவில் ஏலம். ஓர் உருண்டை சுமார் ஒன்றரை கிலோ. 1878 சட்டம் வைத்திருப்பது, கொண்டுபோவது, விற்பது எல்லாவற்றையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. வேடிக்கை என்னவென்றால் இந்த இரண்டும், 1930-ன் அபாயகர மருந்துச் சட்டமும் 1985-ல் என்.டி.பி.எஸ். என்கிற போதைப்பொருள் சட்டம் வந்தபோதுதான் ரத்தாயின. எங்கள் சீனியர் அறை அலமாரியில் அந்தப் பழைய பச்சை அட்டைப் புத்தகம் இன்னும் இருக்கிறது. கரையான் அதைத் தொடவில்லை, வேறு எல்லாவற்றையும் தின்றுவிட்டது.

ஜூரோங் காற்று:

சீனர்களுக்குத்தானே அபின்? நம் ஆட்களுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

தேக்கா தாத்தா:

அபின் பெரும்பாலும் சீனர்களுக்குத்தான், சரி. ஆனால் அந்தப் பழைய குத்தகைப் பட்டியலில் கள்ளும் பாங்கும் உண்டு. பாங்கு என்றால் கஞ்சாதான். அந்த இரண்டையும் வாங்கியது யாராம்? தோட்டத்தில் பால்மரம் வெட்டியவன் கூலி கள்ளுக்கடைக்குப் போன கதை நமக்குத் தெரியாததா?

குமிழ்பேனா:

சரி ஐயா, அப்புறம் எப்போதுதான் நிறுத்தினார்கள்? வெளியிலிருந்து அழுத்தம் வந்ததா?

தேக்கா தாத்தா:

வந்தது. 1909-ல் ஷாங்காய், 1912-ல் ஹேக், 1925-ல் ஜெனிவா என்று அபின் பற்றிச் சர்வதேச மாநாடுகள். இங்கிருந்த அரசாங்கத்தார் பாம்பும் சாகாமல் கம்பும் முறியாமல் பார்த்துக்கொண்டார்கள். சில்லறைக் கடைகளை அரசே எடுத்துக்கொண்டது, அபின் வருமானம் நின்றால் ஈடுகட்ட ஒரு நிதி ஒதுக்கியது, 1930-களில் புகைப்பவர் பெயரைப் பதிந்து அளவாகக் கொடுத்தது. அந்தப் பக்கம் இந்தியாவும் 1926 முதல் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு குறைத்து 1935 முடிவில் புகைப்பதற்கான அபின் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது.

வருமான வரி போட்டிருந்தால் எப்போதோ நிறுத்தியிருக்கலாம். வியாபாரிகள் விடவில்லை. வருமான வரிச் சட்டம் வந்தது 1947-ல். அபினுக்கு முழுத் தடை வந்தது 1946 பிப்ரவரி 1. இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தடை வந்ததும் பழக்கம் போய்விடவில்லை. எங்கள் பக்கத்து அறை ஆ பெக்கை (சீனப் பெரியவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) நான் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது செயின்ட் ஜான்ஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். 1955-ல் அங்கே சிகிச்சை நிலையம் திறந்திருந்தார்கள். திரும்பி வந்தவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாளெல்லாம் கறுப்புக் காப்பி குடிப்பார். சர்க்கரையை அள்ளி அள்ளிப் போடுவார். அம்மா முணுமுணுத்துக்கொண்டே டப்பாவை அவர் பக்கம் தள்ளி வைப்பாள்.