இடப்பக்க டிரிஃப்டில் மட்டும் கார் சுற்றிவிடுகிறது: அலைன்மெண்ட் உதவி தேவை

புதுச்சக்கரம்:
வணக்கம். டிரிஃப்ட் (வளைவில் பின்சக்கரங்களைச் சறுக்கவிட்டு ஓட்டுவது) பழகுகிறேன். சென்ற வாரம்தான் அலைன்மெண்ட் (சக்கரக் கோணங்களைத் திருத்துவது) செய்தேன். முன் கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணம்; தலை உள்ளே சாய்ந்தால் மைனஸ்) மைனஸ் 5 பாகை, காஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) 7. வலப்பக்க வளைவில் கார் அழகாகச் சறுக்குகிறது. அங்கிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றியதும், ஸ்டியரிங் எதிர்ப்பக்கம் ஓடி முடிவதற்குள் பின்பகுதி முந்திக்கொண்டு காரைச் சுற்றிவிடுகிறது. ஞாயிறன்று மறுபடியும் பயிற்சித் திடலுக்குப் போகிறேன். எதை மாற்றுவது?

பூச்சோங் பட்டறை:
என்ன கார் என்றே நீங்கள் சொல்லவில்லை. பின்சக்கர எண்கள் எங்கே? டிஃபரன்ஷியல் (இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பற்சக்கரத் தொகுதி) வெல்ட் செய்து பூட்டியதா, எல்எஸ்டியா (சக்கரங்களின் வேக வேறுபாட்டை மட்டுப்படுத்தும் வகை)? காரைத் தாழ்த்தியிருக்கிறீர்களா? பின் டயர்களில் எவ்வளவு காற்று வைக்கிறீர்கள்?

பழைய ரப்பர்:
இது காஸ்டர் குறைவினால் வருவது. மாற்றும் நொடியில் ஸ்டியரிங்கைக் கையிலிருந்து விட்டால், அது தானாகவே எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். அந்த ஓட்டத்தைத் தருவது காஸ்டர்தான். 8 பாகைக்கு ஏற்றிப் பாருங்கள்.

மூத்த ஓட்டி:
தம்பி, முதலில் ஓட்டப் பழகுங்கள். அலைன்மெண்ட் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு, மாற்றும்போது ஆக்சிலேட்டரை எப்போது விடுவது என்றே தெரிவதில்லை. மேலும் மைனஸ் 5 என்பது காட்சிக்கு வைப்பது.

பூச்சோங் பட்டறை:
காட்சிக்கு இல்லை அண்ணே. இடப்பக்க வளைவில் எடையைத் தாங்குவது வலது முன்சக்கரம். எதிர்த்திருப்பலில் அது வலப்பக்கமாகத் திரும்பி நிற்கும்போது, காஸ்டரின் விளைவால் அதன் தலைப்பகுதி வெளியே சாய்ந்து, நாம் வைத்த நெகட்டிவ் கேம்பரைத் தின்றுவிடும். அதை ஈடுகட்டத்தான் நிற்கும் நிலையில் அத்தனை கேம்பர். டயரின் உள்விளிம்பு தேய்வது அதற்கான விலை.

பழைய ரப்பர்:
அப்படியானால் ஆக்கர்மனையும் (இரு முன்சக்கரங்களும் திரும்பும் கோணங்களின் வேறுபாடு) பார்க்க வேண்டும். தொழிற்சாலை நக்கிளில் (முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் உறுப்பு) திரும்பும் பக்கத்துச் சக்கரம் மற்றதைவிட அதிகமாகத் திரும்பும். சறுக்கலில் எடை அந்தச் சக்கரத்தின் மேல்தான் நிற்பதால், அது தரையை உரசிக்கொண்டே போகும். இரண்டும் ஏறத்தாழ இணையாகத் திரும்பும் நக்கிள் போட்டால் தீரும்.

மூத்த ஓட்டி:
நக்கிள் வாங்கச் சொல்வது எளிது. ஜப்பானிய டிரிஃப்ட் ஓட்டி சுச்சியா கெய்ச்சி டொயோட்டா ஏஇ86 காரில் சறுக்கிய காலத்தில், பின்சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளே பார்க்கிறதா, வெளியே பார்க்கிறதா என்ற டோ கோணத்தைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

பூச்சோங் பட்டறை:
ஏஇ86-இன் பின்னால் இருப்பது ஒரே துண்டான அச்சு. அதில் டோவோ கேம்பரோ திருத்த இடமே இல்லாததால் கவலைப்படவும் ஒன்றுமில்லை. மல்டிலிங்க் (ஒவ்வொரு சக்கரத்தையும் பல தண்டுகள் தனியாகத் தாங்கும்) காராக இருந்தால், ஒவ்வொரு பின்சக்கரமும் தன் போக்கில் நிற்கும் என்பதால், அந்த எடுத்துக்காட்டு இங்கே பொருந்தாது. கேள்வி கேட்டவர் இன்னும் காரின் பெயரைச் சொல்லவில்லை.

புதுச்சக்கரம்:
மன்னிக்கவும். நிசான் செஃபிரோ ஏ31, வெல்ட் செய்த டிஃபரன்ஷியல், பின்னால் 32 பிஎஸ்ஐ. இரண்டு மாதம் முன்பு காயிலோவர் (உயரத்தை மாற்றக்கூடிய சுருள்வில்-ஷாக் தொகுதி) போட்டுத் தாழ்த்தினேன். பின்பக்கத்தில் கை வைக்கவில்லை, முன்பக்கம் மட்டும்தான் திருத்தினார்கள். தாளில் பின் இடது டோ +0.15, வலது −0.25 என்று இருக்கிறது. நேர்ச்சாலையில் ஸ்டியரிங் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தே நிற்கும், அது முக்கியமா?

பூச்சோங் பட்டறை:
அதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்! இடது பின்சக்கரம் டோ-இன் (பிளஸ், முன்விளிம்பு உள்ளே), வலது டோ-அவுட் (மைனஸ், முன்விளிம்பு வெளியே) என்றால், இரண்டுமே வலப்பக்கம் பார்க்கின்றன. பின்பகுதி எப்போதும் வலப்பக்கம் போகப் பார்ப்பதால்தான், நேராக ஓட நீங்கள் ஸ்டியரிங்கையும் வலப்பக்கம் பிடிக்க வேண்டியிருக்கிறது. இடப்பக்க வளைவில் பின்பகுதி வெளியே வீசுவதும் அதே வலப்பக்கம்தான்; போதாக்குறைக்கு எடை முழுவதும் டோ-அவுட்டில் நிற்கும் வலது டயரின் மேல் விழுகிறது. வலப்பக்க வளைவில் அதே கோணம் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

பின் டோவை இரு பக்கமும் சமமாக, சிறிதளவு டோ-இன் வைக்கச் சொல்லுங்கள். பின் கேம்பர் மைனஸ் 1-க்குள் இருந்தால் போதும், ஆக்சிலேட்டரை மிதித்துப் பின்பகுதி அமரும்போது அது தானாகக் கூடும். தாளில் உள்ள எண் பாகையின் தசமமா, கலையா (பாகையில் 60-இல் ஒரு பங்கு) என்றும் கேளுங்கள்: 0.30 பாகை என்பது 18 கலை, 30 கலை அன்று. முன்பக்க டென்ஷன் ராட் புஷ்ஷையும் (முன்சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் தண்டின் ரப்பர் மூட்டு) ஒரு கம்பியால் நெம்பிப் பாருங்கள். ரப்பர் கிழிந்திருந்தால், தாளில் 7 என்று இருக்கும் காஸ்டர் ஓட்டத்தில் 7 ஆக நிற்காது.

பழைய ரப்பர்:
காஸ்டர் என்று நானும் சொன்னேன்.

மூத்த ஓட்டி:
0.4 பாகை வித்தியாசத்துக்குக் கார் சுற்றிவிடும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

புதுச்சக்கரம்:
பின் டோ இரு பக்கமும் 0.10 டோ-இன் வைத்தாகிவிட்டது. ஸ்டியரிங் நேராக நிற்கிறது. ஞாயிறு முழுக்க இடப்பக்கம் ஒரே ஒருமுறைதான் சுற்றியது, அது என் தவறு. வலது புஷ் கிழிந்துதான் இருந்தது. நன்றி அண்ணே.

பூச்சோங் பட்டறை:
மகிழ்ச்சி. முன் டோ எவ்வளவு வைத்தார்கள் என்று நீங்கள் கடைசிவரை சொல்லவில்லையே?