புரொஜெக்டர் வந்துவிட்டது, இணையம் இல்லை: தமிழ் மொழிமூல வகுப்பில் நீங்கள் எதைப் பாவிக்கிறீர்கள்?

கொட்டாஞ்சேனை கணிதம்:

வணக்கம். கொழும்பு வடக்கில் ஓர் அரசாங்கப் பாடசாலையில் தரம் 8 தொடங்கி 11 வரை தமிழில் கணிதம் படிப்பிக்கிறேன். போன தவணை பழைய மாணவர்கள் காசு சேர்த்து ஒரு புரொஜெக்டர் வாங்கித் தந்தார்கள். அவர்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் காணாது. ஆனால் அது அதிபரின் அறை அலுமாரியில் இருக்கிறது. பாடவேளையோ 40 நிமிடம். கையெழுத்து வைத்து எடுத்து, மூன்றாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், வயர் நீட்டி, வெயில் அடிக்கிற ஜன்னலுக்குத் துணி கட்டி முடிக்க 12 நிமிடம் போய்விடும். வகுப்பில் 42 பிள்ளைகள். இணையம் என்று இருப்பது என்னுடைய போன் டேட்டா மட்டும்தான்.

முதல் நாள் யூடியூபில் ஒரு வீடியோ போட்டேன். தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவர் செய்தது. விளக்கம் அருமை, குரலும் தெளிவு. இரண்டு நிமிடம் போயிருக்காது, முன் வாங்கிலில் இருந்த பிள்ளை கை தூக்கி, “மிஸ், முக்கோணமா முக்கோணியா? சோதனையில எதை எழுதுறது?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அவர் வடிவியல் என்கிறார், எங்கள் புத்தகத்தில் கேத்திரகணிதம். அவருக்கு இயற்கணிதம், எங்களுக்கு அட்சரகணிதம். நிறுத்தி நிறுத்தி விளக்கிக்கொண்டு போனதில் பிள்ளைகள் வீடியோவையும் பார்க்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. அந்தப் பாடத்தை அடுத்த நாள் கரும்பலகையில் மறுபடி எடுத்தேன்.

கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ கற்றல் தளம் பார்த்தேன், தமிழிலும் இருக்கிறது. பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பிடிஎஃப் ஆக இருக்கின்றன, அதுவும் தெரியும். நான் கேட்பது வேறு. உங்கள் வகுப்பில் உண்மையாகவே பிள்ளைக்கு விளங்கவைத்தது எது? கரும்பலகையால் முடியாத ஒன்றை அது செய்ததா? இணையம் இல்லாமல் எப்படிச் சமாளித்தீர்கள்? காசு கொடுத்து வாங்குகிற பொதிகள் வேண்டாம், எங்களிடம் அதற்கு வழி இல்லை.

வெள்ளவத்தை விஞ்ஞானம்:

டீச்சர், உங்கள் 12 நிமிடக் கதை என் கதையும்தான். நான் விஞ்ஞானம். எனக்குக் கைகொடுத்தது ஃபெட், திரையிலேயே பரிசோதனை செய்துபார்க்கிற கணினிச் செயற்பாடுகளின் தொகுப்பு. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002 இல் தொடங்கியது. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் என்ற பௌதிகவியலாளர் ஆரம்பித்தார். முழுக்க இலவசம். முக்கியமான விஷயம், ஒவ்வொரு செயற்பாட்டையும் ஒரே கோப்பாக இறக்கி வைக்கலாம். வீட்டில் இறக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு போனால், வகுப்பில் குரோம் இருக்கிற எந்த லாப்டொப்பிலும் இணையம் இல்லாமல் திறக்கும்.

மின்சுற்றுப் பாடத்துக்கு அதைத்தான் பாவிக்கிறேன். மின்கலம், மின்குமிழ், ஆளி, கம்பி எல்லாம் பக்கத்தில் கிடக்கும், இழுத்து இணைக்க வேண்டியதுதான். போன மாதம் ஒரு பையனைக் கூப்பிட்டு மவுஸைக் கொடுத்தேன். அவன் குமிழை விட்டுவிட்டு மின்கலத்தின் இரண்டு முனையையும் வெறும் கம்பியால் சேர்த்துவிட்டான். திரையில் மின்கலம் தீப்பிடித்தது. வகுப்பே கத்தியது. நான் ஒன்றும் சொல்லவில்லை, “ஏன் எரியுது?” என்று மட்டும் கேட்டேன். பின் வாங்கிலில் இருந்து ஒரு பிள்ளை, “தடுக்கிறதுக்கு நடுவில ஒண்டும் இல்லை சேர்” என்றாள். குறுஞ்சுற்று என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் பலகையில் எழுதினேன். சொல்லை முதலில் எழுதி வரைவிலக்கணம் கொப்பியில் எழுதவைத்த வருடங்களில் இந்தப் பதில் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

சொல் பிரச்சினைக்கு நான் கண்ட வழி, பேசாத பொருளை எடுப்பது. வீடியோ பேசும், அதன் மொழி அதன் ஊர் மொழி. இந்தச் செயற்பாடுகள் பேசாது, நாங்கள்தான் பேசுகிறோம். சமாந்தர இணைப்பு என்று நான் சொன்னால் பிள்ளைக்கு அதுதான் சொல், பக்க இணைப்பு என்று யாரும் குழப்பப் போவதில்லை. நீங்கள் கணிதம் என்றபடியால் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளைப் பாருங்கள். மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்ற ஒஸ்திரியர் 2001 இல் மாணவராக இருந்தபோது செய்யத் தொடங்கியது. கணினியில் நிறுவிவிட்டால் இணையம் வேண்டாம். ஒரு புள்ளியைப் பிடித்து இழுத்தால் உருவம் முழுவதும் அசையும், கோண அளவுகளும் கூடவே மாறும். கரும்பலகையால் முடியாத விஷயம் என்று கேட்டீர்கள், அது இதுதான்.

ஓய்வுபெற்ற ஆலோசகர்:

33 வருடம் படிப்பித்து, கடைசிக் காலத்தில் விஞ்ஞான ஆசிரிய ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவன். வெள்ளவத்தைத் தம்பி சொன்னதில் பாதியை ஏற்கிறேன், பாதிக்கு மறுப்பு இருக்கிறது.

மின்குமிழைத் திரையில் காட்டலாம்தான், ஆனால் பிள்ளை முதலில் கையால் எரியவைக்க வேண்டும். இரண்டு உலர்கலம், ஒரு டோர்ச் குமிழ், ஒரு முழம் வயர். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு வகுப்புக்கே வாங்கலாம், பெரிய செலவு இல்லை. வயரின் உறையைப் பல்லால் கடித்து உரித்து (செய்யாதே என்றாலும் செய்வார்கள்), தொடுகை சரியில்லாமல் எரியாமல் போய், மறுபடி அழுத்திப் பிடிக்கும்போது எரிகிறதே, அந்த நேரம் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். திரையில் குமிழ் எப்போதும் எரியும். எரியாமல் போகிறபோது காரணம் தேடுவதுதான் விஞ்ஞானம். ஆகவே முதல் பாடவேளை கையால், இரண்டாவது திரையில். அந்தத் தீப்பிடிக்கிற பகுதியைக் கையால் செய்யக் கூடாது, அங்கே திரை தேவை என்பதை முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1950களிலும் 60களிலும் அரசகரும மொழித் திணைக்களம் பாடத்துக்குப் பாடம் சொற்றொகுதிகள் வெளியிட்டது. இரசாயனவியல், பௌதிகவியல், ஒட்சிசன், ஒளித்தொகுப்பு எல்லாம் இந்த நாட்டில் தமிழில் விஞ்ஞானம் படிப்பிக்க வேண்டும் என்று அறிஞர்கள் உட்கார்ந்து ஆக்கிய வழி வந்தவை. வேதியியல், இயற்பியல், ஆக்ஸிஜன், ஒளிச்சேர்க்கை என்பதும் நல்ல தமிழ்தான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வினாத்தாள் எங்கள் சொல்லில் வருகிறது. தரம் 6, 7 பிள்ளைக்கு இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்காதீர்கள். உயர்தரம் வந்தபின் பலகையின் ஓரத்தில் இரண்டு நிரலாக எழுதிப் போடுங்கள், அந்த வயதில் தாங்கும், இணையத்தில் தேடவும் உதவும்.

இன்னொன்று. ஒரு பாடசாலையில் பெரிய ஸ்மார்ட் போர்ட் ஒன்றைப் பார்த்தேன். பேனை தொலைந்துவிட்டதாம், பயிற்சி பெற்ற ஆசிரியர் இடமாற்றத்தில் போய்விட்டாராம். மேலே துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள், பிள்ளைகள் அதன் முன்னால் பாயில் இருந்து படித்தார்கள். எனக்கு மனம் பொறுக்கவில்லை. எந்தப் பொருள் வந்தாலும் குறைந்தது மூன்று ஆசிரியர்களாவது அதைப் பழகியிருக்க வேண்டும்.

மட்டக்குளி அம்மா:

நான் டீச்சர் இல்லை, மூன்று பிள்ளைகளின் அம்மா. நீங்கள் எல்லாரும் வகுப்பைப் பற்றிக் கதைக்கிறீர்கள், வீட்டைப் பற்றியும் ஒருவர் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடினபோது எங்கள் வீட்டில் ஒரே ஒரு போன். அவர் ஓட்டோ ஓட்டுகிறவர். ஊரடங்கு நேரத்தில் அவரும் வீட்டில் இருந்தபடியால் போனும் வீட்டில் இருந்தது, மூன்று பிள்ளைகளும் முறை வைத்துப் பார்த்தார்கள். அப்புறம் ஓட்டம் தொடங்கியதும் போன் அவரோடு போய்விடும், ஹயர் அதில்தான் வருகிறது. இரவு எட்டு, ஒன்பதுக்கு அவர் வந்தபின்தான் வட்ஸ்அப் குரூப்பைத் திறப்போம். நூறு செய்தி கிடக்கும். அதற்குள் எது வீட்டுப்பாடம், எது பிறந்தநாள் வாழ்த்து என்று தேடித் தேடி சின்னவள் நித்திரையாகிவிடுவாள். அடுத்த நாள் “ஏன் செய்யவில்லை” என்று கேள்வி.

பாடசாலை திறந்து வருடக்கணக்காகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. இப்போதும் வீடியோ லிங்க் வருகிறது, பார்த்துவிட்டு வரச் சொல்லி. டேட்டா போட்ட கிழமை பார்க்கிறோம், போடாத கிழமை இல்லை. பாடசாலையில் காட்டுங்கள், பத்து நிமிடமானாலும் எல்லாப் பிள்ளையும் ஒன்றாகப் பார்க்கட்டும். வீட்டுக்கு அனுப்புவதென்றால் கொப்பியில் எழுதி அனுப்புங்கள். என்னுடைய மகள் கெட்டிக்காரி டீச்சர். போன் இல்லாததால் அவளைப் படிக்காத பிள்ளை என்று ஒருவரும் நினைக்கக் கூடாது.

தெஹிவளை கணினி:

அக்கா எழுதியதை வாசித்துவிட்டு நான் எழுதி வைத்திருந்ததை அழித்தேன். வீட்டுக்கு வீடியோ அனுப்புவது எப்படி என்றுதான் எழுதியிருந்தேன்.

கணினித் திருத்த வேலை செய்கிறேன், இரண்டு பாடசாலைகளுக்குச் சும்மா போய் உதவுவேன். கணினி ஆய்வுகூடத்தில் பழைய கணினிகள் இருந்தால் பாடங்களைச் சேர்த்து வைத்துக் காட்டுகிற கோலிப்ரி என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, இலவசம், இணையம் இல்லாத இடங்களுக்கென்றே செய்தது. கான் அகாடமி வீடியோக்களை இணையம் இல்லாமல் பார்க்க 2012 இல் கேஏ லைட் என்று ஒன்று விட்டார்களே, அதே ஆட்களின் அடுத்த வேலை. ஒரு கணினியில் போட்டு, வீட்டில் சும்மா கிடக்கிற ஒரு ரௌட்டரை மாட்டினால் மற்றக் கணினிகள் அந்த வைஃபை வழியாக அதைத் திறக்கும். வெளி இணைப்பே வேண்டாம். பாடநூல் பிடிஎஃப், கடந்தகால வினாத்தாள், நீங்களே போனில் எடுத்த பாட வீடியோ எல்லாவற்றையும் உங்கள் சொந்தப் பாடத் தொகுப்பாக ஏற்றலாம். அதைத் தயாரிக்க ஒரு தடவை மட்டும் இணையம் வேண்டும். இத்தனை சிரமம் வேண்டாம் என்றால் பென்டிரைவில் தரம், அலகு என்று கோப்புறை பிரித்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

ஒரு முக்கிய எச்சரிக்கை: பாமினி. எங்கள் ஆசிரியர்கள் தட்டச்சுச் செய்து வைத்திருக்கிற வினாத்தாள், குறிப்பு முக்கால்வாசி பாமினி எழுத்துருவில் இருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. போன வருடம் ஒரு டீச்சர் 15 வருட வினாத்தாள்களைக் கொண்டுவந்து, எல்லாம் அழிந்துவிட்டது என்று கண் கலங்கி நின்றார். அழியவில்லை, எழுத்துரு மட்டும்தான் இல்லை. எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தேன், இப்போது தேடினால் கிடைக்கிறது. தயவுசெய்து புதிதாகத் தட்டுவதையாவது யூனிகோடில் தட்டுங்கள். பழைய தமிழ்ப் புத்தகம், சஞ்சிகை வேண்டுமென்றால் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் தேடுங்கள், 2005 இல் இருந்து நம்மவர்கள் சேர்த்துவருகிறார்கள்.

கொட்டாஞ்சேனை கணிதம்:

மூன்று கிழமைக்குப் பிறகு வருகிறேன், மன்னிக்கவும், தவணைப் பரீட்சை. எல்லாருக்கும் நன்றி. மட்டக்குளி அக்கா, உங்கள் செய்தியை அச்செடுத்து ஆசிரியர் அறையில் வாசித்தோம். எங்கள் பகுதித் தலைவர் அன்றே குரூப்பில் வீடியோ போடுவதை நிறுத்தச் சொன்னார்.

ஜியோஜீப்ராவைச் சாதாரண தர வகுப்பில் போட்டேன். முதலில் ஆலோசகர் சேர் சொன்னபடி ஒரு பாடவேளை கவராயமும் பாகைமானியுமாகக் கொப்பியில் வரைந்து அளந்தார்கள். அடுத்த நாள் திரை. புரொஜெக்டரை இடைவேளையிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டேன், 12 நிமிடம் மிச்சம்.

வட்டத் தேற்றம். ஒரு வில் மையத்தில் எதிரமைக்கும் கோணம், அந்த வில் எஞ்சிய பரிதியின் மீது எதிரமைக்கும் கோணத்தின் இருமடங்கு. பாடமாக்கிச் சொல்லச் சொன்னால் 42 பேரும் சொல்வார்கள். மையத்தில் 100 பாகை வைத்தேன், பரிதியில் 50. புள்ளியை இழுக்க இழுக்க 50 மாறவில்லை, “ஆ” என்றார்கள். பிறகு வழக்கமாக வாய் திறக்காத ஒரு பையனிடம் மவுஸைக் கொடுத்தேன். அவன் புள்ளியை இழுத்துக்கொண்டே போய் வில்லின் மேலேயே கொண்டு வந்துவிட்டான். 50 சட்டென்று 130 ஆனது. “மிஸ், பிழைச்சிட்டுது” என்று கையை எடுத்துவிட்டான். தான் எதையோ உடைத்துவிட்டதாகப் பயம்.

பிழைக்கவில்லை, விடு, எல்லாரும் பாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. அப்போது அந்தப் பையனே, “எஞ்சிய பரிதி எண்டு போட்டது இதுக்கா மிஸ்?” என்றான். எத்தனையோ வருடமாக இந்தத் தேற்றத்தைப் படிப்பிக்கிறேன், அந்த “எஞ்சிய” என்ற சொல்லில் ஒரு பிள்ளையும் இதுவரை நின்றதில்லை. அதற்குள் இன்னொருத்தி 50ஐயும் 130ஐயும் கூட்டி 180 என்று சொல்லிவிட்டாள். எதிர்க்கோணங்களின் கூட்டுத்தொகை 180 என்று வருகிற வட்ட நாற்பக்கல் பாடம் இன்னும் தொடங்கவே இல்லை!

வெள்ளவத்தை சேர், அந்த மின்சுற்றுக் கோப்பு எங்கள் விஞ்ஞான டீச்சருக்கு வேண்டுமாம். இந்தச் சனிக்கிழமை பென்டிரைவோடு வந்தால் எங்கே சந்திக்கலாம்?