பறக்கும்போது மட்டும் மோட்டார் நின்றுவிடுகிறது, அவசர உதவி தேவை

பல்லடத்துப் பருந்து:
வணக்கம். ரிமோட்டில் ஓட்டும் என் தெர்மக்கோல் விமானம் மேலே போன சிறிது நேரத்தில் மோட்டார் நின்றுவிடுகிறது. தரையில் வைத்து முடுக்கினால் நன்றாகச் சுற்றுகிறது. நேற்றுச் சோளக்காட்டில் விழுந்து மூக்குப் பிளந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பிள்ளைகளுக்குப் பறக்கவிட்டுக் காட்ட வேண்டும். என்ன செய்வது?

கோபி வாய்க்கால்:
பேட்டரி எத்தனை செல்? எவ்வளவு பழையது? மோட்டார், ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) விவரம்? மோட்டார் நின்ற பிறகும் சுக்கான் அசைந்ததா? கடைசிக் கேள்விக்கு மட்டுமாவது பதில் சொல்லுங்கள்.

பொள்ளாச்சித் தோப்பு:
ரிசீவர் ஆன்டெனாவைப் பாருங்கள். கார்பன் குழாயை ஒட்டிச் சுருட்டி வைத்திருந்தால் தூரத்தில் சிக்னல் அறுந்துவிடும். எனக்கு இதேதான் நடந்தது.

சூலூர் மூத்தவர்:
தம்பி, விவரம் கொடுக்காமல் வைத்தியம் கேட்கக் கூடாது. கடையில் வாங்கிய விமானம் என்றால் அது பெரும்பாலும் ஈபிஓ என்னும் வேறு வகை நுரை, தெர்மக்கோல் இல்லை. இதுகூடத் தெரியாமல் பறக்கவிட்டால் விழத்தான் செய்யும். முதலில் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து எடை மையம் எங்கே இருக்கிறது என்று அளந்து பாருங்கள்.

ஈரோட்டு மஞ்சள்:
எடை மையம் தவறினால் விமானம் தலைகுப்புறப் போகும், மோட்டார் எதற்கு ஐயா நிற்கிறது? தம்பி, மூக்கைச் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிவிடுங்கள்.

சூலூர் மூத்தவர்:
சூப்பர் க்ளூ நுரையைக் கரைத்துவிடும். இப்படிச் சொல்லிப் பலருடைய விமானத்தைக் கெடுத்தாயிற்று.

ஈரோட்டு மஞ்சள்:
அது கரைப்பது தெர்மக்கோலை. ஈபிஓவில் நன்றாகப் பிடிக்கும். ஈபிஓ என்று சற்று முன் எழுதியவர் நீங்கள்தான்.

பொள்ளாச்சித் தோப்பு:
சூடான பசைக் குச்சியும் பிடிக்கும், எடைதான் கூடும். ஒட்டும் முன் நசுங்கிய இடத்தில் வெந்நீர் ஊற்றுங்கள், ஈபிஓ உப்பி வரும்.

பல்லடத்துப் பருந்து:
3எஸ், அதாவது மூன்று செல், 2200 எம்ஏஎச் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, 2212 மோட்டார் 1000 கேவி (வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று), ஈஎஸ்சி 30 ஆம்பியர். பேட்டரி போன வருடம் வாங்கியது. சார்ஜ் போட்டே அலமாரியில் வைத்திருந்தேன். பறக்கவிடும் முன் 12.6 வோல்ட் காட்டியது. சுக்கான் அசைந்தது. ஒருமுறை முடுக்கைக் குறைத்ததும் மோட்டார் மீண்டும் ஓடியது.

கோபி வாய்க்கால்:
சுக்கான் அசைந்தது என்றால் ரிசீவர் உயிரோடு இருக்கிறது. ஆன்டெனாவை விட்டுவிடலாம். மின்னழுத்தம் குறைந்ததால் பேட்டரியைக் காப்பாற்ற ஈஎஸ்சி மோட்டாரை மட்டும் நிறுத்தியிருக்கிறது. 12.6 என்பது சும்மா இருக்கும்போது காட்டும் அளவு. சுமை ஏற்றும்போது எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் முக்கியம். லிப்போவை முழுச் சார்ஜில் மாதக்கணக்கில் வைத்தால் கெடும். செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். பல்லடம் பக்கம் ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அதை எதிர்த்து முழு முடுக்கில் ஏறினால் நலிந்த பேட்டரி தாங்காது. தரையில் ஒரு நொடி முடுக்கிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

விமானத்தை ஒருவர் பின்னாலிருந்து இறுகப் பிடித்துக்கொள்ளட்டும். அரை நிமிடம் முழு முடுக்கில் ஓடவிட்டு, ஓடும்போதே ஒவ்வொரு செல்லையும் அளந்து பாருங்கள். ப்ரொப்பெல்லரின் முன்னாலும் பக்கவாட்டிலும் யாரும் நிற்கக் கூடாது.

சூலூர் மூத்தவர்:
காற்றின் மேல் பழி போடுவது எளிது. ப்ரொப்பெல்லரைத் திருப்பி மாட்டியிருக்கலாம். எழுத்து பொறித்த பக்கம் முன்னால் இருக்கிறதா?

ஈரோட்டு மஞ்சள்:
திருப்பி மாட்டினால் முன்னால் இழுக்கும் விசை குறையும், மோட்டார் நிற்காது.

பல்லடத்துப் பருந்து:
எழுத்து முன்பக்கம்தான் இருக்கிறது. அளந்தேன். இரண்டு செல் 3.3, ஒன்று 2.5. மோட்டார் அப்போதே நின்றது. புதுப் பேட்டரிக்குச் சொல்லிவிட்டேன். மூக்கை ஒட்டியாயிற்று. நன்றி அண்ணா.

கோபி வாய்க்கால்:
மூன்றும் சேர்ந்தால் 9.1 வோல்ட்தான், நிற்காமல் என்ன செய்யும்? அந்தப் பழையதை இனிச் சார்ஜில் போடாதீர்கள். உப்பியிருந்தால் வீட்டுக்குள் வைக்கவே வேண்டாம்.