செட்டியார் கடைக்குச் சரக்கு

குழு: கும்பகோணத்து வீடு
அம்மா, மீனா, உமா, ரவி, சுதா, சரண்

*சனிக்கிழமை*

மீனா, 10:12
நிலாவும் கவினும் சோபா மெத்தைகளை எல்லாம் இழுத்துப் போட்டு மலை கட்டிவிட்டார்கள். வெளியே மழை. காலாண்டு விடுமுறை இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. யாராவது ஒரு வழி சொல்லுங்கள்.

ரவி, 10:15
அக்கா, கைவேலை கிட் ஒன்று ஆர்டர் போடட்டுமா? நாளைக்கே வந்துவிடும்.

உமா, 10:16
வேண்டாம்டா. போன முறை நீ நிலாவுக்கு வாங்கினாயே, பசை காய்ந்து கல்லாகக் கிடந்தது. அட்டைப் பெட்டியை வைத்துத்தான் அவள் விளையாடினாள்.

சுதா, 10:17
அந்தப் பெட்டி இன்னும் எங்கள் பால்கனியில் இருக்கிறது. அதற்குப் பேர் பேங்க். 😄

உமா, 10:18
அக்கா, வீட்டில் மைதா இருக்கிறதா?

மீனா, 10:18
அரைக் கிலோ இருக்கிறது. பரோட்டா போடுகிறேன் என்று வாங்கியது, போடவில்லை.

உமா, 10:21
அது போதும். மைதா 2 கப், உப்பு 1 கப், தண்ணீர் முக்கால் கப். தண்ணீரை மொத்தமாக ஊற்றாதே, பார்த்துப் பார்த்து விடு. சப்பாத்தி மாவை விடக் கெட்டியாக வர வேண்டும். பத்து நிமிடம் நன்றாக அடித்துப் பிசை, அப்போதுதான் விரிசல் விடாது. பொம்மை செய்து காய வைத்தால் மரம் மாதிரி கெட்டியாகிவிடும்.

மீனா, 10:22
கல் உப்பு போடலாமா?

உமா, 10:22
கூடாது, மேலெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழும். தூள் உப்பு. கையில் கீறல் இருந்தால் எரியும், கவின் கையைப் பார்த்துக்கொள்.

மீனா, 10:25
நிலா பிள்ளையார் செய்யப் போகிறாளாம்.

அம்மா, 10:31
முதல் நாளே பிள்ளையார் பிடிக்க வேண்டாம். அது எங்கே போய் முடியும் என்று ஊருக்கே தெரியும். செட்டியார் கடைக்குக் காய்கறி செய்யச் சொல். உன் கொலுவில் அவர் ஐந்து வருடமாக அதே அரிசி, அதே துவரம் பருப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

மீனா, 10:32
அம்மா, அது நல்ல யோசனை.

அம்மா, 10:34
ஒரு பழைய தட்டில் மண் போட்டுக் கேழ்வரகும் கடுகும் தெளித்து வை. புதன்கிழமைக்குள் முளைத்துவிடும். பார்க்குக்குப் புல் ஆயிற்று.

மீனா, 13:05
📷 படம்
தக்காளி மொத்தம் 43. கவினுக்கு உருட்ட மட்டும்தான் தெரிகிறது. உருட்டியதெல்லாம் தக்காளி. அமுங்கிப் போனது தோசை.

சுதா, 13:06
நிலா செய்தது எது அக்கா?

மீனா, 13:08
அந்தக் கத்தரிக்காய்கள். நீளமாக உருட்டி, தலையில் ஒரு கிராம்பைத் தலைகீழாகக் குத்தினாள். காம்பும் தொப்பியும் அப்படியே வந்துவிட்டன! நான் சொல்லித் தரவில்லை. சாம்பாரில் கிராம்பு இல்லாமல் போனால் கேட்கக் கூடாதாம்.

அம்மா, 13:10
சாம்பாருக்கு எதற்குக் கிராம்பு?

உமா, 13:12
😄 பாவற்காய்க்குச் சீப்பின் பல்லால் கோடு போடச் சொல். பூசணிக்கு நூலைச் சுற்றி இழுத்தால் பள்ளம் விழும். டீ வடிகட்டியில் மாவை வைத்து அழுத்தினால் மறுபக்கம் முடி முடியாக வரும், அது கீரைக்கட்டு.

ரவி, 13:14
என் பெண் சாப்பிட்டுப் பார்த்தாளா?

மீனா, 13:15
உன் பெண் இல்லை, என் பையன். ஒரு கடி, ஒரு ஊளை. இனி அதைத் தொட மாட்டான்.

உமா, 13:17
அதனால்தான் எனக்கு இந்த மாவு பிடிக்கும். ஆனால் மாடி வீட்டு நாய் உங்கள் வீட்டுக்கு வருமே, எட்டாத இடத்தில் வை. இவ்வளவு உப்பு நாய் வயிற்றுக்குள் போனால் ஆபத்து.

*ஞாயிற்றுக்கிழமை*

மீனா, 8:40
வெயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தக்காளி எல்லாம் வியர்த்துப் போய் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பூசணியை வாணலியில் வைத்துச் சுட்டேன். உப்பிப் போய் நடுவில் பிளந்துவிட்டது.

உமா, 8:52
தீ அதிகம். மேல் தோல் முதலில் இறுகிவிடும், உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழி இல்லாமல் பிளக்கும். மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் விடு. காலையும் மாலையும் புரட்டிப் போடு. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், சென்னையில் நேரமாகத்தான் ஆகும். அதுவரை பிஸ்கட் போடு.

மீனா, 8:53
ஓவன் இல்லையே.

உமா, 8:59
எதற்கு ஓவன்? பழைய கனமான வாணலி ஒன்று எடு. குக்கர் வேண்டாம், காலியாகச் சூடு பண்ணினால் அடி வீணாகிவிடும். இரண்டு விரல் உயரம் உப்பு கொட்டு, மேலே ஸ்டாண்ட், மூடி போட்டுப் பத்து நிமிடம் மிதமான தீ. அந்த உப்பை ஒரு டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த முறையும் இதற்கே பயன்படும். சமையலுக்கு ஆகாது.

உமா, 9:03
நான்கத்தாய்: மைதா 1 கப், கடலை மாவு 2 மேசைக்கரண்டி, பொடித்த சர்க்கரை அரை கப், நெய் அரை கப், ஏலக்காய், சோடா உப்பு ஒரு சிட்டிகை. நெய் உறைந்திருக்க வேண்டும். உருக்கிய நெய் என்றால் எல்லாம் பரவி ஒரே பிஸ்கட்டாகிவிடும். எனக்கு ஒருமுறை ஆனது, கத்தியால் வெட்டிச் சாப்பிட்டோம். நெய்யையும் சர்க்கரையையும் வெளுக்கும் வரை கையால் தேய், அது குழந்தைகள் வேலை. தண்ணீர், பால் எதுவும் வேண்டாம். சின்ன எலுமிச்சை அளவு உருட்டி லேசாக அழுத்து.

சுதா, 9:05
கவினுக்கு உருட்ட வரும்! 👏

உமா, 9:06
தட்டில் இடைவெளி விட்டு வை, சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், வேகவில்லை என்று திரும்பப் போடாதே. ஆறினால் மொறுமொறுப்பாகும். அப்புறம், பச்சை மாவை நக்க விடாதே, மைதாவிலும் கிருமி இருக்கும். சூடான வாணலி பக்கம் இரண்டு பேரும் வரக் கூடாது.

மீனா, 12:20
📷 படம்
உமா, இது என்ன?

உமா, 12:21
ஏன் சிவப்பாக இருக்கிறது?? செங்கல் மாதிரி!

மீனா, 12:24
கவினுக்கு மஞ்சள் பிஸ்கட் வேண்டுமாம், கொஞ்சம் மஞ்சள் தூள் போட்டேன். நான் போனை எடுக்கத் திரும்பிய நேரத்தில் அவன் சோடா உப்பை ஒரு கரண்டி கொட்டியிருக்கிறான். மஞ்சளாக உள்ளே போனது, சிவப்பாக வெளியே வந்தது. வாயில் வைத்தால் சோப்பு.

அம்மா, 12:26
ஆரத்தி கரைக்கிறபோது மஞ்சளில் சுண்ணாம்பு போட்டால் சிவப்பாகிறதே, அதுதான். உங்கள் வாணலியில் ஆரத்தி எடுத்திருக்கிறான்.

சரண், 12:29
பாட்டி சொல்வது சரி. சுண்ணாம்பும் காரம், சோடாவும் காரம். மஞ்சள் காரம் பட்டால் சிவக்கும், புளிப்பு பட்டால் திரும்பவும் மஞ்சளாகும். பெரியம்மா, இதிலேயே ஒரு விளையாட்டு இருக்கிறது. மஞ்சளைக் கரைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காய வையுங்கள். சோடா கரைத்த தண்ணீரில் காது குடையும் பஞ்சுக்குச்சியை முக்கி எழுதச் சொல்லுங்கள். எழுத்து சிவப்பாக வரும். எலுமிச்சைச் சாறு தடவினால் அழிந்துவிடும்.

ரவி, 12:30
மருமகனே, நீ பெரிய ஆள்.

மீனா, 15:45
📷 படம்
இரண்டாவது ஈடு ஒழுங்காக வந்தது. 14 போட்டேன், படம் எடுக்கும்போது 9. மீதி மாவில் நிலா ‘நிலா’ என்று எழுத்து எழுத்தாகச் செய்து வைத்தாள், ‘லா’ மட்டும் கருகிவிட்டது.

மீனா, 15:46
மஞ்சள் தாளில் கவின் எழுதிய கடிதமும் இருக்கிறது. நான்கு கோடுதான். ரகசியம் என்பதால் படிக்கக் கூடாதாம்.

உமா, 15:50
வாணலியை அணைத்துவிட்டாயா? சூடு இறங்கும் வரை அந்தத் தக்காளிகளை உள்ளே வைத்து மூடியைப் பாதி திறந்து விடு. காசில்லாமல் காயும்.

*திங்கட்கிழமை*

சரண், 17:10
🎥 வீடியோ
நான் செய்தது. அம்மா கேக்குக்கு உடைத்த முட்டை ஓடு. அடியில் களிமண் அடைத்து, மேலே காகிதக் கூம்பு ஒட்டினேன். எவ்வளவு தள்ளினாலும் எழுந்து நிற்கும்.

சுதா, 17:12
தஞ்சாவூர்ப் பொம்மையேதான்!

மீனா, 17:14
நிலா இப்போதே வேண்டும் என்கிறாள். கொலுவில் வைக்க.

அம்மா, 17:15
கொலுவில் முட்டை ஓடா?

ரவி, 17:15
ஓடுதானே அம்மா, முட்டை இல்லையே.

அம்மா, 17:16
ரவி, நீ ஆபீஸ் வேலையைப் பார்.

அம்மா, 17:22
தஞ்சாவூர்க்காரர்கள் அதை முட்டை ஓட்டிலா செய்தார்கள்? அடி உருண்டையாக, கனமாகக் களிமண். மேலே லேசாகக் காகிதக் கூழ். உருண்டையாக எது கிடைத்தாலும் போதும்.

மீனா, 17:30
கவின் மிதித்து உடைத்த பிளாஸ்டிக் பந்து ஒன்று இருக்கிறது. அதில் பாதியை எடுத்து உப்பு மாவு அடைத்திருக்கிறேன். நிலா மேலே மாவிலேயே தலை செய்து ஒட்டினாள். தள்ளினால் விழுகிறது, படுத்தே கிடக்கிறது. அழுகை.

சரண், 17:33
தலை கனம் பெரியம்மா. கனம் எல்லாம் அடியில்தான் இருக்க வேண்டும். மாவுத் தலையை எடுத்துவிட்டுக் காகிதக் கூம்பு வையுங்கள்.

மீனா, 17:52
🎥 வீடியோ
எழுந்துவிட்டது!!! பத்து நிமிடமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். வீட்டில் சத்தமே இல்லை. நான் காபி குடிக்கிறேன், சூடாக.

*செவ்வாய்க்கிழமை*

மீனா, 19:20
அமாவாசை, படி கட்டியாயிற்று. ஐந்து படி. மரப்பாச்சியை முதலில் வைத்துவிட்டேன் அம்மா. காய்கறிக்கு வண்ணம் அடிக்கப் பீட்ரூட் சாறு எடுத்தேன், அடித்தபோது அழகாக இருந்தது. காய்ந்ததும் பழுப்பு. தக்காளி எல்லாம் சப்போட்டா ஆகிவிட்டது.

உமா, 19:24
பீட்ரூட் நிற்காது. பள்ளிக்கூடப் போஸ்டர் கலர் போதும். அது காய்ந்ததும் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு, அதை நீ அடி. ஈரம் உள்ளே போகாது. அப்படியும் அடுத்த வருடம் வரை இருக்கும் என்று எதிர்பார்க்காதே.

மீனா, 19:26
கடைக்குப் பின்னால் ஒட்ட அட்டைப் பெட்டி எடுத்திருக்கிறேன். பசை தீர்ந்துவிட்டது.

அம்மா, 19:29
மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சு, அதுதான் பசை. உன் அப்பா கணக்கு நோட்டு பைண்டு செய்கிறபோது பூச்சி வராமல் இருக்க அதில் மயில் துத்தம் போடுவார். நீ போடாதே, அது விஷம். பிள்ளைகள் வாயில் வைத்துக்கொள்ளும்.

*வியாழக்கிழமை*

மீனா, 20:15
📷 படம்
செட்டியார் கடை இன்றைய நிலவரம்: சப்போட்டாவாக இருந்து திரும்பத் தக்காளியானது 41. கத்தரிக்காய் 12. கீரைக்கட்டு 3. நான்கத்தாய் 6, எல்லாம் உப்பு மாவு. மூன்று அடுக்கு கேக் ஒன்று, நிலா தயாரிப்பு. புல் அரை விரல் உயரம் வந்திருக்கிறது.

சுதா, 20:17
தக்காளி 43 தானே அக்கா?

மீனா, 20:18
எதிர் வீட்டுக் குட்டிப் பையன் சுண்டல் வாங்க வந்தான். இரண்டைக் கடித்துப் பார்த்துவிட்டான். இப்போது கடையில் நிலா போர்டு எழுதி வைத்திருக்கிறாள்: ‘சாப்பிடக் கூடாது. ஒன்று 10 ரூபாய்.’

ரவி, 20:19
ஜிஎஸ்டி உண்டா?

அம்மா, 20:24
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாம் இருக்கிறது, வெற்றிலை பாக்கு எங்கே? அவர் வெற்றிலை இல்லாமல் கடை திறந்து நான் பார்த்ததில்லை.

மீனா, 20:26
நிலாவிடம் படித்துக் காட்டினேன். பாயை விரித்து உட்கார்ந்தாயிற்று. டப்பாவைத் திறந்தால் மைதா காலி.

ரவி, 20:27
ஆர்டர் போடட்டுமா?

உமா, 20:27
அதைப் போடு.